கார்த்திகையில் ஊன்றிய விதை

ரஹீம் பாய் முதல் காயை வெட்டியபோது நான் சிரித்துக்கொண்டு நின்றேன். எதற்குச் சிரித்தேன் என்று இப்போது நினைவில்லை. சந்தோஷமாக இருக்கிறவளுக்குக் காரணம் எதற்கு?

மாசி மகம். உச்சி வெயில். மணிமுத்தாற்று மணலில் வரிசையாகக் கீற்றுக் கொட்டகைகள். ஆற்றில் முழுகி, செத்துப்போனவர்களுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்த ஜனங்கள் ஈரத்துணியோடு கடை கடையாக நின்றார்கள். எள்ளும் வாழைப்பழமும் மணலில் மிதிபட்டுப் புளித்த வாசனை அடித்தது. பாய்க்குப் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை. மகத்துக்கு மகம் ஆற்றுமணலில் ஒரு கொட்டகை போட்டுவிடுவார். அன்று அவருடைய கொட்டகையில் குவிந்து கிடந்தது என் அண்ணன் நிலத்துத் தர்பூசணி.

நன்றாகப் பழுத்த பழத்தில் கத்தி பாதி இறங்கும்போதே மீதி தானாகப் பிளந்துகொள்ளும். அது பிளக்கவில்லை. பாய் கத்தியின் முதுகில் உள்ளங்கையை வைத்து, கடைசி வரைக்கும் அமுக்கி வெட்டவேண்டியிருந்தது. இரண்டாகப் பிரித்தார். உள்ளே வெள்ளை. நடுவில் மட்டும், குங்குமம் தொட்ட விரலைத் தண்ணீரில் கழுவினால் வருமே, அந்த மாதிரி ஒரு சிவப்பு. விதைகூட வெளுப்பாக இருந்தது.

இரண்டாவது காயை வெட்டினார். மூன்றாவது. நான்காவதை வெட்டவில்லை. கத்தியைச் சாக்கில் துடைத்துக் கீழே வைத்தார்.

என் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார். அன்றைக்கென்று சலவை வேட்டி கட்டியிருந்தார். அவர் காயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

உரக்கடைப் பெண்

நான் விருத்தாசலத்தில் ஓர் உரக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற காலத்தைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. விதையும் மருந்தும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. யோசனை சொல்வது என் வேலை இல்லை. ஆனால் அதைத்தான் அதிகம் செய்தேன்.

நல்லூரிலிருந்தும் திட்டக்குடிப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நோய் வந்த இலையைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்து, டாக்டரிடம் காட்டுகிற பணிவோடு என்னிடம் காட்டுவார்கள். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒருவர் கத்தரிச்செடியை வேரோடு பிடுங்கி, பஸ்ஸில் சீட்டுப் போட்டு உட்காரவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். நானும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மருந்தின் பெயரைச் சொல்வேன்.

எனக்கு என்ன தெரியும்? ஒரு நாளாவது குனிந்து நாற்று நட்டிருப்பேனா? விதைக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகிற நோட்டீஸ்களைப் படிப்பேன். அவ்வளவுதான். பளபளப்பான தாளில், கலர் படத்தோடு, எத்தனை நாள், எத்தனை அடி இடைவெளி என்று போட்டிருக்கும். பத்தாவதில் கணக்குப் பாடத்தில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் நான். எண்ணாக எழுதியிருந்தால் எதையும் நம்பிவிடுவேன்.

வாய் மட்டும் எனக்கு அந்த வயதிலேயே நீளம். கடை முதலாளி சொல்வார், இந்தப் பெண்ணிடம் யோசனை கேட்டுவிட்டுப் போகிறவன் திரும்பி வந்து சண்டை போட்டால் நான் பொறுப்பில்லை என்று. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். யாரும் சண்டைக்கு வந்ததில்லை. சண்டைக்கு வந்திருக்கவேண்டிய ஒரே ஆள் என் கூடப்பிறந்தவர்.

வெள்ளை இமை

அண்ணன் பெயர் கலியபெருமாள். எனக்குப் பதினொரு வயது மூத்தவர். அப்பா போனபோது அவர் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தார். மறுமாதமே பையை மூலையில் போட்டுவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த பீங்கான் பட்டறைகளில் ஒன்றில் சேர்ந்துவிட்டார்.

எங்கள் ஊர்ப் பீங்கானை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வீட்டு மின்சாரப் பெட்டியில் வெள்ளையாக ஒரு பியூஸ் கட்டை இருக்குமே, அது பெரும்பாலும் இங்கே சுட்டதுதான். அதற்கு முன்னால் கல்லையும் களிமண்ணையும் பொடியாக அரைக்கவேண்டும். அண்ணன் நின்றது அந்த அரவையில். சாயங்காலம் சைக்கிளில் வரும்போது தலை, மீசை, கண் இமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். தெருவில் அவரை மாவு மில்லுக்காரர் என்று கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். குளித்த பிறகும் காது மடிப்பில் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வெள்ளையில்தான் நான் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தேன். என் ஜாமெட்ரி பாக்ஸ் அந்த வெள்ளையில் வாங்கியது.

இருபது வருஷம் கழித்து இருமல் வந்தது. முதலில் சளி என்றார்கள், பிறகு காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர்தான் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். சொன்னோம். நெஞ்சில் இருப்பது தூசி, அதை இனி எடுக்கமுடியாது, மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம், அரவை வேலைக்கு மறுபடி போனால் அதிக வருஷம் தாங்காது என்றார். மறைக்காமல் சொன்ன அந்த மனிதருக்கு இன்றைக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

அண்ணன் நின்றுவிட்டார். பட்டறை முதலாளி ஒரு தயவு செய்தார். மாசி முடிகிறவரைக்கும் உன் இடத்தில் வேறு ஆள் போடமாட்டேன், அதற்குள் வருவதா இல்லையா என்று சொல்லிவிடு என்றார். அந்தத் தயவு இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

காலண்டர்

ஆற்றோரம் எங்களுக்கு ஒரு காணி நிலம் இருந்தது. மணல் பாங்கு. அப்பா காலத்தில் மல்லாட்டை போட்டது, பிறகு சும்மா கிடந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அண்ணன் அதில் தர்பூசணி போடுவதாக முடிவு செய்தார். தை பிறந்ததும் ஊன்றலாம் என்றார். பக்கத்து நிலங்களில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

அண்ணி தனலட்சுமிக்கு அதுதான் பயம். தையில் ஊன்றினால் பங்குனிக் கடைசியில்தான் பழம். முதலாளி கொடுத்த கெடு மாசியோடு முடிகிறது. பழம் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே வேலையை விட்டுவிடுவதா, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதை நம்பி விடுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது என்பதுதான் கேடு.

நோட்டீஸில் எழுபத்தைந்து நாள் என்று போட்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மாசி மகத்திலிருந்து பின்னால் எண்ணினேன். எழுபத்தைந்து. கைக்காவலுக்கு இன்னும் ஐந்து நாள். கார்த்திகை நடுவில் வந்து நின்றது. மகத்தன்று ஆற்றுமணலில் எவ்வளவு கூட்டம் நிற்கும்! பாயிடம் போய்க் கேட்டேன். உள்ளூர்க் காய் மகத்துக்குக் கிடைத்தால் அத்தனையையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

மகத்தில் பழம் விற்கும், மாசி முடிவதற்குள் முதலாளியிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம். இதை நான் அண்ணன் எதிரில் ஒரு பாடம் மாதிரி நடத்திக் காட்டினேன்.

அண்ணன் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கார்த்திகையில மழை வுட்டுருக்காது பாப்பா. அது வெயில் குடிக்கிற கொடி. பனியில ஏறாது."

"அண்ணே, இது புது வெதை. எழுவத்தஞ்சு நாளுன்னு அச்சடிச்சே குடுத்துருக்கான்."

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணியின் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி. சரி என்று சொல்லிவிட்டார்.

மார்கழிப் பனி

ஊன்றிய நான்காம் நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. குழியைக் கிளறிப் பார்த்தால் பாதி விதை மண்ணுக்குள்ளேயே அழுகிப் பிசுபிசுவென்று இருந்தது. கடையிலிருந்து இன்னும் இரண்டு பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் விட்டுப்போன குழிகளில் மறுபடி ஊன்றினார்.

முளைத்தவை இரண்டு இலையோடு நின்றுவிட்டன. மார்கழி முழுக்க அப்படியே நின்றன. காலையில் பார்த்தால் ஒவ்வொரு இலையிலும் பனி வழியும், எட்டு எட்டரை வரைக்கும் பக்கத்து வரப்பு தெரியாது. அந்தப் பனியில் அண்ணன் நெஞ்சைத் துண்டால் சுற்றிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார். இலையில் மஞ்சள் புள்ளி விழுந்தது. மருந்து கொடுத்தேன். அடித்தார். புள்ளி நின்றது, கொடி ஓடவில்லை.

நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இருபத்தெட்டு, இன்றைக்கு முப்பத்தைந்து. நோட்டீஸ்படி பூக்கவேண்டிய நாளில் கொடி ஒரு முழம்கூட இல்லை. கொடிக்கு நாள் தெரியாது, அதற்குச் சூடுதான் தெரியும் என்பதை நான் எந்தத் தாளிலும் படித்திருக்கவில்லை. அந்த எழுபத்தைந்து நாள் வெயில் காலத்தில், வேறு எந்த ஊரிலோ எண்ணியது.

பூ வந்தபோது பொங்கல் தாண்டிவிட்டது. பெண்பூவின் அடியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பிஞ்சு இருக்கும். தேனீ வந்து ஆண்பூவின் மகரந்தத்தை அதில் தேய்த்துவிட்டுப் போனால்தான் அது காயாகும். பனி விலகி வெயில் வருவதற்குள் பூ சுருங்கிவிடுகிறது, குளிருக்குத் தேனீ வரவில்லை. பிஞ்சுகள் மஞ்சளாகி விழுந்துகொண்டே இருந்தன. காலையில் அண்ணி அவற்றைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு வருவார். எதற்குப் பொறுக்கினார் என்று தெரியவில்லை. அப்படியே கிடக்கவிட மனசு வரவில்லை போலிருக்கிறது.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் தேனீ வேலை பார்த்தோம். கடைக்குப் போவதற்கு முன்னால் நானும் வயலுக்குப் போய்விடுவேன். ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, அதன் நடுக்காம்பைப் பெண்பூவில் மெதுவாகத் தடவவேண்டும். விரல் நுனி மஞ்சளாகும், ஒரு பச்சை வாசனை ஒட்டிக்கொள்ளும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும். பழமாகி வந்து நில்லு என்று ஒவ்வொரு பூவிடமும் அண்ணி முணுமுணுப்பார். நான் கேலி செய்தால், நீ கணக்குப் போடு, நான் கேட்டுப் பார்க்கிறேன் என்பார்.

காய் பிடித்தது. தைக் கடைசியில் தேங்காய் அளவு. அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் எல்லோரும் சத்தமாகப் பேசினோம். அண்ணன்கூடக் குறைவாக இருமினார், அல்லது எங்களுக்கு அப்படித் தோன்றியது.

பறித்த நாள்

மகத்துக்கு முதல் நாள் காலை. காய்கள் அளவில் சிறுத்திருந்தாலும் பார்வைக்குக் கண்ணை நிரப்பின. கரும்பச்சைக் கோடு, நல்ல பளபளப்பு. அந்தப் பளபளப்பே பழுக்காததற்கு அடையாளம் என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் உட்கார்ந்து ஒரு காயின் காம்புக்குப் பக்கத்தில் இருக்கிற சுருளைத் தொட்டுப் பார்த்தார். கொடியில் கம்பி மாதிரி சுருண்டிருக்குமே, அது. காய் பழுத்தால் அந்தச் சுருள் காய்ந்து பழுப்பாகிவிடும். எல்லாம் பச்சையாக இருந்தன. காயைப் புரட்டினார். மண்ணில் பட்ட இடம் மஞ்சளாக இருக்கவேண்டும், வெள்ளையாக இருந்தது. இன்னும் இரண்டு வாரம் விடலாம் பாப்பா என்றார்.

இரண்டு வாரம் விட்டால் மகம் போய்விடும். மாசியும் போய்விடும். அன்று எழுபத்தொன்பதாவது நாள் என்றேன். பாயிடம் சொல்லியாகிவிட்டது என்றேன். அவர் வண்டி அனுப்பிவிட்டார் என்றேன். அண்ணி என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வரப்பில் பிடிவாதமாக நின்ற ஒரே ஆள் நான்தான்.

அண்ணன் அரிவாளை எடுத்தார். மத்தியானத்துக்குள் ஒரு காணியும் வெறும் கொடியாகிவிட்டது. பாய் கொட்டகை போடுகிற மும்முரத்தில் இருந்தார், வயலுக்கு வரவில்லை. வந்திருந்தால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து வண்டியைத் திருப்பியிருப்பார். எங்களை நம்பிவிட்டார்.

மறுநாள் ஆற்றுமணலில், கத்தியைக் கீழே வைத்த பிறகு, பாய் என்னிடம் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"இது இன்னும் காயிம்மா. பழம் ஆவல. எல்லாத்தையுமா பறிச்சிட்டீங்க?"

அண்ணன்தான் ஆமாம் பாய் என்றார். கொட்டகையின் முன்னால் ஒரு குடும்பம் பழம் கேட்டு நின்றது. பாய் அவர்களைப் பக்கத்துக் கடைக்குப் போகச் சொன்னார். காய் முழுவதையும் அன்று சாயங்காலம் மாட்டுக்குப் போட்டோம். பாய் போகவர வண்டி வாடகையைக்கூட எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாசி கடைசி நாள், கெடு முடிவதற்குள், அண்ணன் பட்டறைக்குப் போய், வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் தெருவைப் பார்க்காமல் உள்ளேயே இருந்தேன்.

மேல் மூலை

பங்குனி மூன்றாம் வாரம். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம். அண்ணி ஒரு கூடையைச் சுமந்துகொண்டு வந்து மேஜைமேல் இறக்கினார். உள்ளே ஒரு தர்பூசணி. தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

பொங்கலுக்கு மறுவாரம், நான் கொடுத்த பாக்கெட்டில் மிஞ்சிய விதையை அண்ணன் நிலத்தின் மேல் மூலையில், மோட்டார் கொட்டகைப் பக்கம், இரண்டே வரிசை ஊன்றியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பக்கம் போகத் தோன்றவில்லை, என் கண்ணெல்லாம் கார்த்திகைக் கொடிமேல்தான் இருந்தது. ஐந்தாம் நாள் முளைத்ததாம். மாசி வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு சாண் ஓடியதாம். யாரும் பூவைத் தடவவில்லை, தேனீயே பார்த்துக்கொண்டதாம்.

கடை முதலாளி கத்தி கொண்டுவந்தார். நுனி பட்டதும் பழம் படீரென்று விட்டுக்கொடுத்தது. அடிவரைக்கும் சிவப்பு. கறுப்பு விதை. சாறு மேஜையில் வழிந்து பில் புத்தகத்தின் கீழே ஓடியது. முதலாளி ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, கற்கண்டு என்றார்.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பொங்கலுக்கு மறுவாரத்திலிருந்து அன்றைக்கு எழுபத்துநான்கு நாள். நோட்டீஸ் பொய் சொல்லவில்லை. அதே விதை, அதே மண், அதே கிணற்றுத் தண்ணீர். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஊன்றியது ஒரு மண்ணும் ஆகாமல் போனது, பின்னால் ஊன்றியது இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு காணி முழுக்க இப்படி வந்திருந்தால் என்று நினைத்தேன். அழுதேன். கடை என்றும் பார்க்கவில்லை.

அண்ணி என் முதுகைத் தடவினார். அண்ணன் அப்போது அரவையில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வரிசைப் பழத்தை நம்பி யார் வேலையை விடமுடியும்?

அடுத்த தையில் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். அடுத்த தை வந்தபோது குழி வெட்ட அவருக்கு மூச்சு இல்லை. மண்வெட்டியை நான்கு போடு போட்டால் வரப்பில் உட்கார்ந்துவிடுவார். ஆனால் அரவையில் நிற்கமுடிந்தது. நிற்பதற்கு அவ்வளவு மூச்சு தேவைப்படவில்லை. நிலத்தை வேறு ஆளிடம் குத்தகைக்கு விட்டோம். அந்த ஆள் தையில்தான் ஊன்றினார்.

ஆஸ்பத்திரியில்

அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்று தலையணை வைத்து நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. காது மடிப்பில் வெள்ளை இல்லை, சுத்தமாக இருந்தார். அவரைத் தூசி இல்லாமல் அவ்வளவு நாள் சேர்ந்தாற்போலப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஒரு மத்தியானம். அண்ணி ஜன்னலோரம் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். நான் மூன்று வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, நான் சொன்னதாலதான நீ கார்த்திகையில போட்ட? இல்லன்னா பட்டறைக்குத் திரும்பிப் போயிருக்க மாட்டல்ல?"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவர் இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அப்படியெல்லாம் நினைக்காதே பாப்பா, எல்லாம் தலையெழுத்து என்பார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவேன், அதோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். சாகப்போகிறவரிடம் எனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். என்மேல் கோபம் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். மூச்சை இழுத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஆமா பாப்பா. தையில போட்டுருக்கணும்."

அண்ணி உரிப்பதை நிறுத்தினார். அண்ணன் தண்ணீர் கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார்.

ஒன்பதாம் நாள் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். நீ நல்லதை நினைத்துத்தானே சொன்னாய், உன்மேல் என்ன தப்பு என்பார்கள். நான் பேசாமல் கேட்டுக்கொள்வேன். இவர்களிடம் நான் கேட்கவில்லை. கேட்கவேண்டியவரிடம் கேட்டேன், அவர் சொல்லிவிட்டார்.